நிலைக்காத பச்சை விளக்கு

மாதனூர் தாண்டியதும் வேனின் பின்னாலிருந்து ஷர்மிளா, "அண்ணா, ஓரங்கட்டுங்க. சார்ஜ் ஏறல" என்றாள்.

ஸ்டியரிங்கில் இருந்த காசிநாதன் உடனே வேகத்தைக் குறைத்தார். வேறொரு நாளாக இருந்தால் டீ குடித்துவிட்டு நிதானமாகப் பார்த்திருப்பார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிற ஷர்மிளாவுக்கு இன்று வேலூரில் ஒரு காலணி வடிவமைப்புக் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு நேர்காணல். வெளி வண்டிகளை அங்கே கேட்டோடு நிறுத்திவிடுவார்கள். உள்ளே நல்ல தூரம், மேடு வேறு. அவளுடைய மோட்டார் சக்கர நாற்காலியில் மிச்சமிருந்ததோ ஒரே ஒரு கோடு சார்ஜ். நேற்று சாயங்காலம் தெரு டிரான்ஸ்ஃபார்மர் புகைந்துபோய் விடியும்வரை கரண்ட் இல்லை. "அதுக்கின்னா, போற வழியில வண்டியிலயே ஏறிடும்" என்று தைரியம் சொல்லிக் கூட்டி வந்தவர் காசிநாதன்தான். அவர் வேனில் அதற்கென்றே, இன்ஜின் கொடுக்கும் கரண்டை வாங்கி நாற்காலியின் லித்தியம் பேட்டரிக்கு ஏற்றும் சார்ஜர் பெட்டி ஒன்று பொருத்தியிருந்தது.

தள்ளிக்கொண்டு போனால் ஆகாதா என்று கேட்பீர்கள். போன வருஷம் வேறோர் இடத்துக்கு அப்படித்தான் போனார்கள். காசிநாதன்தான் தள்ளிக்கொண்டு நுழைந்தார். மேஜைக்குப் பின்னால் இருந்த கனவான்கள் கேட்டதையெல்லாம் அவரைப் பார்த்தே கேட்டார்கள். "இவங்களால தனியா சமாளிக்க முடியுமா?" "எவ்வளவு நேரம் உக்காருவாங்க?" லாரியில் வந்திறங்கிய தோல் கட்டை விசாரிப்பதுபோல. அவள் போட்ட டிசைன்கள் மடியில் பிரிக்காமலே கிடந்தன. அன்று வீட்டு வாசலில் இறங்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "இனிமே நான் உள்ள போறப்ப என் பின்னாடி யாரும் இருக்கக் கூடாதுண்ணா."

வேனை நிழலில் நிறுத்திவிட்டுக் காசிநாதன் பின்கதவைத் திறந்தார். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. மூச்சு விடுவதற்குள் சிவப்பாகி அணைந்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி பச்சை, மறுபடி சிவப்பு.

"இந்த டப்பா பேஜார் புடிச்சதும்மா. அன்னிக்கே சொன்னேன்" என்று ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

"அடிக்காதீங்கண்ணா. அது பாவம், என்னமோ சொல்ல வருது."

நேர்காணலுக்குப் போகிற பெண்ணின் கைப்பையிலிருந்து சீப்பு வரும், பவுடர் வரும். இவள் பையிலிருந்து மல்டிமீட்டர் வந்தது! புதுப் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே சார்ஜருக்குள் கரண்ட் நுழையும் இரண்டு முனைகளிலும் மீட்டரை வைத்தாள். இன்ஜினை ஓடவிட்டே வைக்கச் சொன்னாள்.

"சும்மா இருக்கறப்ப பதினாலு வோல்ட் காட்டுது. சார்ஜ் ஏத்த ஆரம்பிச்சதும் ஒம்போதுக்கு விழுந்துடுது. வண்டி பேட்டரி செத்துப்போச்சின்னு பயந்து டப்பா தானா நின்னுக்குது. நின்னதும் பழையபடி பதினாலு. அதான் இந்த ஆட்டம்."

"அப்ப டைனமோ போச்சா?" டைனமோ மாற்றுகிற செலவு என்றால் அவருக்கு மாசக் கணக்கில் தூக்கம் போய்விடும்.

"அங்கயும் பார்த்துடலாம். உங்க சீட்டைத் தூக்குங்க."

டிரைவர் சீட்டுக்கு அடியில்தான் வண்டி பேட்டரி. அவள் சொன்னபடி காசிநாதன் மீட்டரை அதில் பிடித்தார். பின்னால் விளக்கு பச்சையானாலும் சிவப்பானாலும் பதினாலு பதினாலாகவே நின்றது. அப்படியானால் இன்ஜின் கொடுக்கிறது, பெட்டியும் கேட்கிறது, நடுவழியில் எவனோ மறிக்கிறான். அவள் முகத்தில் பதற்றம் என்பதே இல்லை. கம்பெனியில் பேட்டர்னில் ஒரு நூலிழை பிசகைத் தேடும்போது இப்படித்தான் இருப்பாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"ஜம்பர் ஒயர் வெச்சிருக்கீங்கல்ல? வண்டி பேட்டரி நெகட்டிவ்ல ஒரு முனை, டப்பா நெகட்டிவ்ல ஒரு முனை. போடுங்க."

போட்டார். பச்சை வந்தது. வந்தது நிலைத்து நின்றது, அணையவே இல்லை. நாற்காலியில் சார்ஜ் ஏறும் சின்னம் ஓட ஆரம்பித்தது.

"எர்த்துதாண்ணா. டப்பாவோட நெகட்டிவ் ஒயரைப் பின்சீட்டுக்குக் கீழ பாடியில முடுக்கியிருக்கே, அந்த போல்ட்டைக் கழட்டுங்க."

அப்போதுதான் காசிநாதனுக்குச் சுருக்கென்றது. ஆம்பூர்க்காரனுக்குக் கதவு அடித்துக்கொண்டால் தோல், மேஜை ஆடினால் தோல், குழாய் ஒழுகினால் தோல். அவரோ ஷூ கம்பெனியில் பல வருஷம் தோல் கட்டிங்கில் நின்றவர். போன வாரம் அந்த போல்ட் கடகடவென்று ஆடுகிறது, பின்னால் உட்காருகிறவளுக்குத் தலைவலி வருமே என்று, ஒயர் முனைக்கும் பாடிக்கும் நடுவே அவர்தான் அழகாக வட்டமாகத் தோல் வெட்டி வைத்து முடுக்கியிருந்தார். போல்ட்டின் துருப்பிடித்த மரை வழியாகத் துளித்துளியாகத்தான் கரண்ட் போயிருக்கிறது. தோலைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

ஷர்மிளா அதைத் திருப்பிப் பார்த்தாள். விரலால் தடவினாள். "ஆட்டுத் தோலு, ஃபர்ஸ்ட் குவாலிட்டி. ஓரம் பிசிறே இல்ல. இத்தனை நல்லா வெட்டி வெச்சா கரண்ட் எங்கண்ணா போகும்?"

"உனக்குத் தலைவலி வரக் கூடாதுன்னு..."

"தெரியும்ணா." அதற்குமேல் ஒரு சொல் குத்தலாகச் சொல்லவில்லை. தோல் வட்டத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரிகிறவரை தேய்க்கச் சொன்னாள். ஸ்பிரிங் வாஷர் போட்டு முடுக்கச் சொன்னாள். ஜம்பரை எடுத்த பிறகும் பச்சை அசையவில்லை. காசிநாதன் பல பேரிடம் வேலை பார்த்தவர். தப்பைக் கண்டுபிடிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறார். செய்தவன் தலை குனியாமல் கண்டுபிடிக்கிற ஆளை இப்போதுதான் பார்த்தார்.

கல்லூரி கேட்டில் வேனின் சாய்பலகை வழியாக அவள் இறங்கியபோது மூன்று கோடு ஏறியிருந்தது. மேட்டைப் பார்த்ததும் காசிநாதனின் கைகள் பழக்கதோஷத்தில் நாற்காலியின் பிடியை நோக்கிப் போய்விட்டன. இழுத்துப் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். உள்ளே அந்தத் தோல் வட்டம் இருந்தது. அதையே இறுகப் பிடித்துக்கொண்டார்.

வாட்ச்மேன் எழுந்து வந்தான். "யாரைப் பார்க்கணும் மேடம்?" என்று அவளைக் கேட்டான். அவளே பதில் சொன்னாள். அவன் கை நீட்டிய திசையில் நாற்காலி சத்தமில்லாமல் மேடேறிப் போனது. கட்டட வாசலில் நின்ற இரண்டு பேர் அவளுக்கு வணக்கம் சொன்னார்கள்.

வேன் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறார் என்று யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. காசிநாதனுக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.