தும்மாத எலிகள்

கண்ணுசாமியின் எலிகள் தும்ம வேண்டும். பட்டம் அதில்தான் இருந்தது.

தூசி பட்டால் சிலருக்கு மூக்கு அரித்து, ஒழுகி, ஓயாமல் தும்மல் வருகிறதே, அதை எலியின் மூக்கில் உண்டாக்கிப் பார்ப்பது அவனுடைய ஆராய்ச்சி. முதலில் முட்டையின் வெள்ளைக்கருவை மருந்தோடு கலந்து எலியின் வயிற்றில் ஊசி போடுவான். உடம்பு அதைப் பகையாக நினைத்துக்கொள்ளும். சில வாரம் கழித்து அதே வெள்ளைக்கருவை மூக்கில் சொட்டுச் சொட்டாக விட்டால் தும்மும். இரண்டாவது கூண்டுக்கு வெறும் உப்புத்தண்ணீர். அது தும்மக் கூடாது.

1984 மழைக்குச் சேலத்துக் கல்லூரியின் எலி அறை ஒழுகியது. இன்னும் ஊசி போடாத, பால் மறந்த குட்டிகள் இருந்த இரண்டு கூண்டுகளையும் சேந்தமங்கலம் சாலையில் இருந்த மாமனாரின் கோழிப்பண்ணைக்குக் கொண்டுவந்தான். மாமனார் செல்லமுத்து எட்டிப் பார்த்தார்.

“எலிய ஒழிக்க நாங்க படாத பாடு படறோம். மாப்ள பஸ்ஸுல வெச்சுக் கூட்டியாராரு.”

“வெள்ளெலிங்க மாமா.”

“வெள்ளையா இருந்தாத் தீவனம் தின்னாதுங்களா?”

படிப்பு தேறாவிட்டால் முட்டை லாரியோடு மருமகனைப் பாலக்காட்டுக்கு அனுப்புவது என்று அவர் முடிவு செய்திருந்தார். லாரிக்கு என்ன ஹாரன் வைக்கலாம் என்றுகூட அவனைக் கேட்டுவிட்டார்.

பண்ணையிலேயே ஊசி போட்டுச் சில வாரம் கழித்து, சோதனை பார்க்கச் சென்னையிலிருந்து அவனுடைய ஆராய்ச்சி வழிகாட்டி பேராசிரியர் சுலோசனா வந்தார். கூண்டின் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கண்ணுசாமி ஒரு எலியைப் பிடித்து மூக்கில் சொட்டு விட்டான். அது முகத்தைத் துடைத்துக்கொண்டு படுத்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. எல்லாம் அப்படியே.

தீவனத் தூசியில் கண்ணுசாமி தும்மினான்.

“நீங்க கணக்குல இல்ல” என்றார் சுலோசனா. “வெள்ளைக்கரு கெட்டதா?”

காபியோடு வந்த மாமியார் அங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. “இன்னிக்கு இட்ட முட்டைங்க. கெட்டதை எங்க ஊட்ல எலிக்குக்கூடப் போட மாட்டோம்.”

சுலோசனா மெல்லத் திரும்பினார். “எலிக்கு முட்டை போடுவீங்களா?”

“போடாம? வந்த நாள்ல இருந்து உடைசல் முட்டைய ரண்டு கூண்டுக்கும் ஊத்திட்டு வாரேன். ஒண்ணுக்கு முட்டை, ஒண்ணுக்கு உப்புத்தண்ணின்னாரு மாப்ள. அதையும் மூக்குல. பந்தி வஞ்சனை ஆகுங்களா?”

கண்ணுசாமிக்குப் பாலக்காட்டுச் சாலை கண்ணில் தெரிந்தது.

சுலோசனா சிரித்தார். குட்டியிலிருந்தே வாய்வழியாகப் போன முட்டையை எலியின் உடம்பு உறவாக ஏற்றுக்கொண்டுவிட்டது. பிறகு ஊசியில் வந்தபோது அதைப் பகைக்கவில்லை.

“இதையே பண்ணுங்க கண்ணுசாமி. புதுக் குட்டிகள். ஒரு கூண்டுக்கு முட்டை கொடுங்க, இன்னொண்ணுக்குக் கொடுக்காதீங்க. ஊசியும் சொட்டும் ரெண்டுக்கும் ஒண்ணுதான்.”

“இந்த ஊட்ல நடக்காதுங்க” என்றார் அங்கம்மாள்.

“எம் படிப்புங்க அத்தை.”

“நீங்க படிக்க, அதுங்க பாத்துட்டு இருக்கோணுமா?”

“அந்தக் கூண்டு இந்த வீட்டுலயே இல்லைன்னா?” என்று சுலோசனா கேட்டார்.

அங்கம்மாள் யோசித்தார். “கண்ணுல படாததுக்கு நானென்ன பண்றது? ஆனாப் பக்கத்து ஊடும் ஆகாது. கூப்புட்டாக் கேக்கற தூரத்துல எதும் ஏங்கிட்டுக் கெடக்கப்படாது.”

அப்படித்தான் முட்டையில்லாத கூண்டு சேலத்தில் கண்ணுசாமியின் வாடகை அறைக்குப் போனது. ஊசி போட அவன் இரண்டு ஊருக்கும் பஸ்ஸில் அலைந்தான்.

சொட்டு விட்டபோது பண்ணைக் கூண்டு படுத்துத் தூங்கியது. மறுநாள் சேலத்துக் கூண்டில் ஒன்று தும்மியது. பிறகு எல்லாம் தும்மின. முன்னங்கால்களால் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துத் தும்மின. கண்ணுசாமி அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பண்ணைக்கு ஓடிவந்தான்.

“அத்தை, தும்முதுங்க! பூராத் தும்முது!”

“தும்மாம என்னங்க பண்ணும்? முட்டை நெனப்பு.” அங்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டார். “படிப்பு முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்ச மாதிரிதானுங்க.”

“அப்பக் கூட்டியாங்க சாமி. இதுவரைக்கும் இல்லாததுக்கெல்லாம் சேத்து ஊத்தோணும்.”

இனி அவற்றுக்கு முட்டையே ஆகாது என்பதை இந்த வீட்டில் எப்படிச் சொல்வது? கண்ணுசாமி மாமனாரைப் பார்த்தான்.

“நீங்களே சொல்லீருங்க மாப்ள” என்றார் செல்லமுத்து. “நான் லாரியோட போறேன்.”