அட்டவணையைத் தயாரித்தவர்

காலைச் சாப்பாட்டு மேசையில், மாமனாரின் தட்டுக்குப் பக்கத்தில், மருமகள் அந்த மாத ஆய்விதழைப் பக்கம் பிரித்துக் கொண்டுவந்து வைத்தாள். வைத்த வேகத்தில் டம்ளரிலிருந்த தண்ணீர் தளும்பி விரிப்பில் சிந்தியது. மாமியார் துணியோடு வந்து துடைத்தார்.

"மாமா, இது என்னோடது" என்றாள் அவள்.

கிழவர் பக்கத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. அந்த மருத்துவ இதழின் ஆசிரியர் அவர்தான். எந்தப் பக்கத்தில் எந்தக் கட்டுரை வருகிறது என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'தராசு'. சொந்தத் தம்பி மகன் தேர்வில் தவறியபோது ஒரு மதிப்பெண்கூடக் கூட்டிப்போட மறுத்தவர். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

மருமகள் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் மருத்துவர். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குக் கிருமித்தொற்று வந்தால் கொடுக்கும் ஓர் ஊசிமருந்தைப் பற்றி அவள் நெடுநாள் ஆராய்ந்தாள். அளவு குறைந்தால் தொற்று அடங்காது, கூடினால் குழந்தைக்குக் காது போய்விடும். எந்த எடைக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தடவை என்று கணக்கிட்டு ஓர் அட்டவணை தயாரித்து, கட்டுரையாக்கி, மாமனாரின் இதழுக்கே அனுப்பினாள். அந்தத் துறைக்கு அதைவிட்டால் வேறு நல்ல இதழ் கிடையாது.

மருமகளின் கட்டுரை மேசைக்கு வந்ததும் தராசுக்கு வியர்த்தது. வெளியிட்டால் வீட்டுப் பெண்ணுக்குச் சலுகை என்பார்கள். அதனால் அதை மிகக் கடுமையாகப் பார்க்கக்கூடிய ஒருவரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பினார். அந்த ஒருவர் அவருடைய பழைய மாணவர், மருமகள் வேலை பார்க்கும் பிரிவின் தலைவர். தன் கீழே வேலை செய்பவளின் கட்டுரையை அவர் மதிப்பிடலாமா என்று ஆசிரியர் யோசிக்கவில்லை. மதிப்பீட்டாளரும் சொல்லவில்லை. 'புதிதாக ஒன்றும் இல்லை, வெளியிடத் தகுதியில்லை' என்று குறிப்பு வந்தது. இன்னொருவரிடம் கேட்காமலே கட்டுரை திருப்பி அனுப்பப்பட்டது. தான் எவ்வளவு பாரபட்சமற்றவன் என்று அன்று அவருக்கு ஒரு நிறைவுகூட இருந்தது.

இப்போது அதே ஆய்வு, வாக்கியங்கள் கொஞ்சம் இடம் மாறி, தலைவரின் பெயரில் வந்திருக்கிறது. தலைவர் பெரிய மனிதர் என்பதால் அதை யாரிடமும் மதிப்பீட்டுக்கே அனுப்பவில்லை.

"ஒரே வார்டுல வேலை பாக்கிறீங்க. ஒரே யோசனை ரெண்டு பேருக்கும் வரலாமேம்மா" என்றார் கிழவர்.

"யோசனை வரலாம் மாமா. என் தப்பு எப்படி அவருக்கு வரும்?"

அவள் விரல் அட்டவணையின் கடைசி வரியில் இருந்தது. மிக எடை குறைந்த குழந்தைகளுக்கான வரி. இரண்டு நாளைக்கு ஒரு முறை என்று இருக்க வேண்டிய இடத்தில், முதலில் அனுப்பிய பிரதியில், தினமும் ஒரு முறை என்று அவள் தவறாகப் போட்டுவிட்டாள். அடுத்த வாரமே கண்டுபிடித்துத் திருத்திய அட்டவணையை அனுப்பினாள். இதழ் அலுவலகத்தில் அதை யாரும் மதிப்பீட்டாளருக்கு அனுப்பிவைக்கவில்லை. இப்போது அந்தத் தவறு அச்சாகி, இதழ் போகும் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போய்ச்சேர்ந்திருந்தது.

"என் பேரு வேண்டாம். அந்த வரியை மட்டும் உடனே திருத்துங்க. இத நம்பி ஊசி போட்டா புள்ளைங்களுக்குக் காது போயிடும்."

கிழவர் கையைக் கழுவ எழுந்தார். அவள் கணவன், பாலம் கட்டும் நிறுவனத்தில் பொறியாளன், அப்பாவையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்தான். காலை நேரத்தில் இதெல்லாம் எதற்கு, சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்றான். சாயங்காலம் வந்ததும் அவனுக்குத் தலைவலி வந்துவிட்டது.

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் எல்லாரும் எல்லாவற்றையும் பேசினார்கள், அந்த வரியைத் தவிர. தலைவர் இவர்கள் இருவரின் கல்யாணத்திலும் கூடமாட நின்று வேலை பார்த்தவர் என்று கிழவர் நினைவுபடுத்தினார். அவரைப் பகைத்துக்கொண்டால் வார்டில் எப்படிக் காலம் தள்ளுவாய் என்று கணவன் கேட்டான். தலைவரிடம் தானே பக்குவமாகச் சொல்லித் திருத்தச் செய்வதாகக் கிழவர் வாக்குக் கொடுத்தார். ஒரு தடவை பேசவும் செய்தார். தலைவர் சிரித்து, பார்க்கலாம் சார், அடுத்த இதழில் சேர்த்துக்கொள்ளலாம் என்றாராம்.

மாமியார் அதிகம் பேசுகிறவர் இல்லை. அன்று மட்டும் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "ஊருக்கெல்லாம் சரியாத்தான் நிறுக்கிறீங்க. இவ முறை வந்தா மட்டும் எடை குறையுது."

கிழவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் எதையும் செய்யவும் இல்லை.

மருமகள் காத்திருக்கவில்லை. தன் வார்டில் நர்சுகளைக் கூப்பிட்டு அந்த வரியைப் பின்பற்ற வேண்டாம் என்று சொன்னாள். தெரிந்த மற்ற ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டாள். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர், அச்சில் இருப்பதை விட்டுவிட்டு உங்கள் வாய்ப்பேச்சை எப்படி நம்புவது என்றார்கள். அதுவும் நியாயம்தான். அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

மறுநாள் அவள் மாமனாரின் அலுவலகத்துக்குப் போனாள். மாடிப்படி ஏறி, வரவேற்பில் பெயர் கொடுத்து, மற்றவர்களோடு பெஞ்சில் காத்திருந்து, கூப்பிட்டபிறகு உள்ளே போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கிழவர் பதறிப்போனார். "எதுக்கும்மா இங்க? வீட்டுல பேசிக்கலாமே."

"வீட்டுல பேசினா மருமக பேசுறதா ஆயிடுது சார். கட்டுரை எழுதினவ பேசணும். அதான் வந்தேன்."

அந்த 'சார்' அவரை என்னவோ செய்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் தன் முதல் பிரதி, திருத்திய அட்டவணை, அனுப்பிய தேதிகள் எல்லாவற்றையும் முன்னால் வைத்தாள். எல்லாமே அவர் அலுவலகத்திலேயே இருப்பவைதான்.

வேறு வழியில்லாமல் விஷயம் இதழின் ஆசிரியர் குழுவுக்குப் போனது. அங்கேயும் தராசு தன் குணத்தை விடவில்லை. உறவுக்காரி சம்பந்தப்பட்ட விசாரணையில் தான் உட்காருவது முறையல்ல என்று எழுந்து வெளியே வந்துவிட்டார். உள்ளே மிச்சமிருந்தவர்கள் எல்லாரும் தலைவரோடு மாநாட்டு மேடைகளைப் பகிர்ந்துகொள்பவர்கள். இரு கட்டுரைகளுக்கும் உள்ள ஒற்றுமை தற்செயலானது என்று முடிவு செய்தார்கள். மருந்தளவுத் தவறை மட்டும் அவர்களால் மறுக்க முடியவில்லை. திருத்தம் போட வேண்டும், யார் தவறு என்று விளக்கம் வேண்டும் என்று தலைவரைக் கேட்டார்கள்.

தலைவருக்கு அப்போதுதான் வியர்த்திருக்க வேண்டும். குழந்தைகளின் காதுகளைக் கெடுக்கும் தவறு தன் தலையில் விழுவதை அவர் விரும்பவில்லை. விளக்கம் எழுதிக் கொடுத்தார். அந்த அட்டவணையைத் தயாரித்தவர் தன் பிரிவின் இளைய மருத்துவர் ஒருவர். அவரை நம்பியது மட்டுமே தன் குற்றம். இளைய மருத்துவர் யார் என்று மருமகளின் முழுப்பெயரையும் குறிப்பிட்டிருந்தார்.

கிழவர் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துவந்தார். கூடத்தில் விளக்கைப் போட்டு, எல்லாரும் இருக்கும்போது அவளிடம் நீட்டினார்.

"இப்படி எழுதியிருக்கான். நீ மறுத்து ஒரு வரி எழுதிக் குடு. இந்தத் தடவை நான் குழுவுல சண்டை போடுறேன். தப்பு உன் பேர்ல அச்சாகக்கூடாது."

அவள் கணவனும், முதல் முறையாகக் குரலை உயர்த்தி, இது அநியாயம் என்றான்.

அவள் தாளை இரண்டு முறை படித்தாள். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"மறுக்க என்ன இருக்கு மாமா? அந்த அட்டவணைய நான்தான் போட்டேன். தப்பும் என்னோடதுதான். அப்படியே போடுங்க."

"புரிஞ்சுதான் பேசுறியா?"

"நீங்கதான் இன்னும் படிச்சுப் பாக்கல. அட்டவணை என்னோடதுன்னு அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு."

கிழவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி படித்தார். இது அச்சானால், அட்டவணை அவளுடையதென்றால் கட்டுரையில் ஏன் அவள் பெயர் இல்லை என்று கேட்பார்கள். அவள் கட்டுரையைத் திருப்பி அனுப்பச் சொன்னவர் யார், யாரை நம்பி ஆசிரியர் திருப்பி அனுப்பினார் என்றும் கேட்பார்கள்.

"இது என்னையும் சேர்த்துல்லம்மா இழுக்கும்" என்றார் கடைசியில்.



அடுத்த இதழின் உட்பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே, சின்ன எழுத்தில் திருத்தம் வந்தது. எத்தனையோ நாள் உழைப்புக்குப் பிறகு அந்த இதழில் முதன்முதலாக அவள் பெயர் அச்சாகியிருந்தது, ஒரு தவறைச் செய்தவளாக. ஆஸ்பத்திரிகளில் அந்த வரியைத் திருத்திக்கொண்டார்கள். தலைவர் நாற்காலியில் அப்படியேதான் இருந்தார். கட்டுரையும் அவர் பெயரில்தான் இருந்தது. ஆசிரியர் நாற்காலியை மட்டும் கிழவர் விட்டுவிட்டார். உடம்பு சரியில்லை என்று காரணம் எழுதினார்.

அந்த மாதம் நடந்த குழந்தை மருத்துவர்கள் கூட்டத்தில், தேநீர் நேரத்தில், வேறொரு ஆஸ்பத்திரியின் மூத்த மருத்துவர் அவளைத் தேடிவந்தார். நாலு பேர் கேட்கட்டும் என்றே சத்தமாகக் கேட்டார்: "அந்தத் தப்பான அட்டவணையப் போட்டது நீங்கதானாமே?"

"ஆமா சார். நான்தான்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. "உங்க அட்டவணை எப்படிம்மா அவர் கட்டுரைக்குள்ள போச்சு?"

சற்றுத் தள்ளித் தலைவர், கையில் கோப்பையோடு, யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இதோ நிக்கிறாரே" என்றாள் அவள். "வாங்க சார், கேட்டுடலாம்."