சேதி சொல்ல வேண்டியவள்

கெசாயா சிறுநீர்க் குப்பியோடு ஆஸ்பத்திரிக் கழிப்பறைக்குள் போனதும், ஃபீபி அவளுடைய போனைக் கைப்பையிலிருந்து எடுத்து அணைத்துத் தன் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டாள். திருட்டு வேலைதான். ஆனால் தீவில் இந்நேரம் யாராவது ஃபேஸ்புக்கில் ஒரு சிலுவைப் படத்தைப் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

காலை ஆறு மணிக்குத் தம்பி வாரியா, கெசாயாவின் புருஷன், தீவிலிருந்து கூப்பிட்டிருந்தான். கெசாயாவின் அப்பா எனோக், விடியற்காலையில் படகுக்குப் பெட்ரோல் ஊற்றப் போனவர், மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். பிறகு எழுந்திருக்கவில்லை. "நீதான்க்கா சொல்லணும்" என்று சொல்லி வாரியா போனை வைத்துவிட்டான்.

அவள்தான் சொல்ல வேண்டும். சாவு விழுந்தால் சேதி சொல்வதும், குழி வெட்டுவதும், சமைத்துப் போடுவதும் கொண்டான் கொடுத்தான் வீட்டார் வேலை. தீவில் அவர்களை மரிகெத் என்பார்கள். துக்க வீட்டார் ஒரு துரும்பை நகர்த்தக் கூடாது. கெய்ன்ஸ் நகரத்தில் கெசாயாவுக்கு அந்த முறையில் இருந்த ஒரே ஆள், அவள் புருஷனின் அக்காவான ஃபீபி மட்டும்தான். வேறு யார் வாயிலிருந்தாவது அவள் கேட்டுவிட்டால் அந்தப் பழி ஃபீபியின் குடும்பத்துக்குச் சாகும்வரை போகாது.

காலைச் சாப்பாடு முடியட்டும் என்று நினைத்தாள். பிறகு செக்கப் முடியட்டும் என்று நினைத்தாள். பிரசவத்துக்காகத் தீவிலிருந்து விமானமேறி வந்து விடுதியில் தங்கிய இந்தப் பத்து நாளில், மின்விசிறிக்கும் உப்புக்கும் குழந்தைத் துணிக்கும்கூட வாய் ஓயாமல் சண்டை போட்ட ஃபீபிக்கு, இன்று ஒரு வார்த்தை வரவில்லை.

நர்ஸ் மார்கி கெசாயாவின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. சிரித்துக்கொண்டே இன்னொரு கையிலும் பார்த்தாள். அதேதான். போன வாரம் எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் வந்து, படுத்து ஓய்வெடுக்கட்டும், மத்தியானம் திரும்பப் பார்க்கலாம், குறையாவிட்டால் இங்கேயே வைத்துக்கொண்டு வலி வர மருந்து கொடுத்துவிடலாம் என்றார். முப்பத்தேழு வாரம் ஆகிறது, குழந்தைக்குப் பயமில்லை, தாய்க்குத்தான் ஆபத்து, காத்திருக்கக் கூடாது என்றார்.

ஃபீபி மார்கியைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னாள். மார்கிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது சொல்ல வேண்டாம், மத்தியானம்வரை பொறுத்துப் பாருங்கள் என்றாள். நல்ல மனுஷி. அவளுக்கு அந்த எண்ணைப் பற்றித் தெரியும். தீவில் இருக்கும் கெசாயாவின் அம்மாவைப் பற்றி அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த அம்மாவைப் பற்றி வாரியா அடுத்த போனில் சொன்னான்.

"சொல்லிட்டியாக்கா?"

"பிரஷர் ஏறிக் கெடக்குடா. எப்படிச் சொல்றது?"

"இங்க அத்தை அழ மாட்டேங்குறாங்க. மாமா பக்கத்துல பாய்ல அப்படியே உக்காந்திருக்காங்க. எம்பொண்ணுக்குத் தெரியாம நான் அழுதா அப்புறம் அவ அங்க தனியால்ல அழணும்னு சொல்றாங்க." பெரியவர்கள் வெள்ளிக்கிழமையே எடுத்துவிடலாம் என்று பேசிக்கொள்கிறார்கள் என்றான். கெசாவால்தான் வர முடியாதே. அவனும் இன்னும் நான்கு பேரும் கல்லறைத் தோட்டத்தில் இடம் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

ஃபீபி அறைக்குத் திரும்பினாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். கெசாயாவின் காலிலிருந்து செருப்பைக் கழற்றினாள். தலையணையைத் தட்டி வைத்தாள். விடுதியிலிருந்து கொண்டுவந்த மாம்பழத்தைத் தோல் சீவித் துண்டு போட ஆரம்பித்தாள். தன் தம்பியின் முதல் குழந்தை அந்த வயிற்றுக்குள் இருந்தது. சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்?

கெசாயா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, காலைலேர்ந்து நீ என்னை ஒரு வார்த்தை திட்டல."

"திட்டணுமா உனக்கு? படு."

"நேத்து டம்ளரக் கழுவாம வச்சேன்னு அந்தக் கத்து கத்துன. இன்னிக்கு நீயே கழுவுற. பையத் தூக்க விடல. செருப்பக் கழட்டி விடுற." கெசாயாவின் குரல் மெல்லியதாகிவிட்டது. "மரிகெத் வேலையெல்லாம் பாத்துட்டு, சேதிய மட்டும் ஏன் சொல்லாம வச்சிருக்க?"

ஃபீபி கத்தியைக் கீழே வைத்தாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டாள். நீ டீ போட்டுக் கையில் கொடுத்தபோதே என்றாள் கெசாயா. அந்த டீயை அவள் வாந்தி வருகிறது என்று சொல்லிக் குடிக்காமல் கொட்டியது ஃபீபிக்கு ஞாபகம் வந்தது. அப்படியானால் நான்கு மணி நேரமாக இந்தப் பெண் தெரிந்தும் தெரியாமலும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறாள், குப்பியில் சிறுநீர் பிடித்திருக்கிறாள், நர்ஸிடம் கையை நீட்டியிருக்கிறாள்.

"நர்ஸ் வேணாம்னாங்க, கெசா. புள்ளைக்கு..."

"யாருன்னு நீ சொல்லாத வரைக்கும் எனக்கு அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. காலைலேர்ந்து ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்தி அழுதுட்டிருக்கேன், உள்ளுக்குள்ள." கெசாயா வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஒருத்தரையாவது திருப்பிக் குடு, அண்ணி."

ஃபீபி கட்டிலருகே முழங்கால் போட்டு, மாம்பழப் பிசுபிசுப்போடேயே அவள் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா இருக்காங்க. அப்பாதான்."

கெசாயா சத்தமே இல்லாமல் வாயைத் திறந்தாள். சத்தம் பிறகுதான் வந்தது. மார்கி ஓடிவந்தாள். ஃபீபி கையைக் காட்டி அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டு, தீவுக்குப் போன் போட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். மகள் மூச்சிழுப்பது அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அந்த அம்மா காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது மொத்தமும் போன் வழியாக வந்தது. ஃபீபி போனைக் கெசாயாவின் காதருகே பிடித்தபடி நின்றாள். எனோக் ஃபீபியை எங்கே பார்த்தாலும் பெரிய வாய்க்காரி என்றுதான் கூப்பிடுவார், நண்டு பிடித்தால் அவளுக்கென்று ஒன்றைத் தனியாக எடுத்து வைப்பார். அவளுக்கும் அழ வேண்டும்போல இருந்தது. இது அவள் அழும் நேரமில்லை.

மத்தியானம் அளந்தபோது அழுத்தம் குறையவில்லை. கூடவுமில்லை. டாக்டர் யோசித்து, நாளைக் காலை வலி வர மருந்து கொடுக்கலாம் என்று எழுதினார். கெசாயா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"நான் பாக்காமயே மண்ணள்ளிப் போட்டுருவீங்களா?"

ஃபீபி வெளியே போய் மார்கியைத் தேடிப் பிடித்து, பிள்ளை பிறந்து எத்தனை நாளில் விமானத்தில் போகலாம் என்று கேட்டாள். எல்லாம் நல்லபடியாக நடந்தால், இந்த அழுத்தமும் இறங்கினால், இரண்டு வாரத்தில் டாக்டர் விடலாம் என்றாள் மார்கி. உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னாள். ஃபீபி நன்றி சொல்லிவிட்டுத் தாழ்வாரத்துக் கோடியில் நின்று தம்பியைக் கூப்பிட்டாள்.

"வாரியா, அவர நாளைக்கு வர்ற விமானத்துல தேர்ஸ்டே தீவுக்கு அனுப்பு. அங்க பெரிய ஆஸ்பத்திரி குளிர் அறைல இருக்கட்டும்."

"பெரியவங்க வெள்ளிக்கிழமைன்னு..."

"பெரியவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். இந்தச் சாவுக்கு மூத்த மரிகெத் நான். ரெண்டு வாரமோ மூணு வாரமோ. கெசாவும் நானும் புள்ளையத் தூக்கிட்டு வர்றோம்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"குழி வெட்டாதீங்கடா."

கடற்காற்று போனுக்குள் இரைந்தது. வாரியா கூட நின்ற நான்கு பேரிடம் திரும்பி ஏதோ சொன்னான். பிறகு மண்வெட்டிகளை ஒவ்வொன்றாகக் கீழே போடும் சத்தம் கேட்டது.