எட்டாம் நாள் தண்ணீர்

அரைப் போத்தல் மண்ணெண்ணெயை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவும் என் சைக்கிளில் நெல்லியடியில் நான் படிக்கும் ரியூட்டறி வகுப்புக்கு வந்துவிட்டாள். கரண்ட் இல்லாத காலம், அது விளக்குக்கு வைத்த எண்ணெய். கொம்பியூட்டருக்காக ஜெனரேற்றரில் ஊற்றுவதென்றால் சும்மாவா? மிசின் உருப்படியாக ஒன்றும் சொல்லாவிட்டால் நான் இனி நெல்லியடிப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டாள். வகுப்பு நின்றால் வெங்காயத் தோட்டம்தான் எனக்குக் கதி.

தம்பிராசா மாஸ்ரர் தந்த பயிற்சி சின்னது. வரிசையாக எண்களைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் அடுத்ததோடு ஒப்பிட்டு, அடுத்தது குறைந்திருந்தால் இரண்டையும் திரையில் காட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட எங்கள் ஒழுங்கையில் வேலிக்கு வேலி குடியிருக்கும் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அம்மா நம்பட்டும் என்று, எங்கள் பங்குக் கிணற்றில் ஏழு நாள் அளந்த தண்ணீரையே முழக்கணக்கில் கொடுத்தேன்.

திரையில் 6 5 என்று வந்தது. அம்மா தலையாட்டினாள். பிறகு 5 4. அதோடு நிற்க வேண்டியது, 4 0 என்றும் வந்து தொலைத்தது. ஏழாம் நாளையும் அடுத்த நாளோடு ஒப்பிடச் சொல்லியிருக்கிறேன், மொக்குப் பிறவி! திருத்தக் கைவைக்கிறேன், எண்ணெய் முடிந்து ஜெனரேற்றர் படுத்துவிட்டது.

"நாளைக்குக் கிணறு வத்தப்போகுது," என்றாள் அம்மா.

"இல்லையம்மா, என்ரை பிழை. எட்டாம் நாளுக்கு நாங்கள் ஒண்டும் குடுக்கேல்லை. குடுக்காட்டில் அது சைபர் எண்டு எடுத்திடும்."

"குடுக்காததையும் சொல்லுதெண்டால் கெட்டிக்கார மிசின்தான்."

வீட்டுக்கு வந்ததும் குடம், கிடாரம், சட்டி எல்லாவற்றிலும் அள்ளி நிரப்பினாள். கிணற்றில் பங்குள்ள மீனாம்பிகை மாமி வேலிக்கு மேலால் பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை, எங்களுடையதைவிடப் பெரிய கிடாரத்தோடு வந்தாள். அவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. நான் ஒவ்வொரு வீட்டுப் படலையாகப் போய் அது பிழை என்று சொன்னேன். ஓம் பிள்ளை, ஓம் என்றபடியே அள்ளினார்கள்.

மறுநாள் மத்தியானம் வாளி கிணற்றின் அடிக்கல்லில் உரசியது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமையைக் கண்டு எனக்கு அழுகையே வந்தது.

பின்னேரம் மீனாம்பிகை மாமி வந்தாள். தன் மகளையும் வகுப்புக்குக் கூட்டிப்போகச் சொல்லி, கிணற்றுக்கட்டில் முக்கால் போத்தல் மண்ணெண்ணெயை வைத்தாள். அம்மா அடுத்த வகுப்புக்கென்று எடுத்துவைத்திருந்த இன்னொரு அரைப் போத்தலைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒருதரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், அரிக்கன் லாம்பைக் கழற்றிக்கொண்டு வந்து, அதிலிருந்த எண்ணெயையும் தன் போத்தலில் ஊற்றினாள்.