ஐஸ் இல்லாத மழை

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவரும் ஒரே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் பெரிய டீச்சர், சின்ன டீச்சர். பெரியவள் ஏ பிரிவு, சின்னவள் பி பிரிவு. மழை எப்படி வருகிறது என்ற பாடத்தைப் பெரியவள் வருடா வருடம் கரும்பலகையில்தான் நடத்துவாள். கடல், சூரியன், மேகம், மலை, சுற்றிவரும் அம்புக்குறிகள். அம்புக்குறியை அவளைப்போல் போட ஆளில்லை என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

சின்னவள் வந்த வருடமே ஜாடிக்குள் மழை பெய்ய வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டாள். வெந்நீர் ஊற்றிய கண்ணாடி ஜாடி, அதன் வாயில் ஐஸ் வைத்த தட்டு, அவ்வளவுதான். ஏ பிரிவுப் பிள்ளைகள்கூட இரண்டு நாளாக அதே பேச்சு. வீட்டில் மாமியாரும் சின்னவளைக் கெட்டிக்காரி என்றார். பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஜாடி மழை நடத்தவிருந்த நாள் காலை ஆசிரியர் அறையில் யாருமில்லை. பெரியவள் குளிர்பெட்டியிலிருந்த ஐஸ் தட்டை எடுத்து, வெயிலடிக்கும் ஜன்னலில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

இரண்டு வகுப்புக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். பெரியவள் பாதிப் பாடத்தை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டாள். ஐஸ் உருகிப்போன தட்டையே சின்னவள் ஜாடிமேல் வைத்திருந்தாள். மழை வரவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டது. மனசு குளிர்ந்தது. ஆனால் சின்னவள் தடுமாறவில்லை. ஏன் வரவில்லை என்று பிள்ளைகளையே கேட்டாள். ஒருத்தி தட்டைத் தொட்டுப் பார்த்து, "தட்டும் சூடா இருக்கு மிஸ்" என்றாள். ஆவி குளிர்ந்தால்தானே துளியாகும் என்று இன்னொருவன் பிடித்துக்கொண்டான். பானையிலிருந்து குளிர்ந்த தண்ணீரைத் தட்டில் ஊற்றியதும் கீழே சொட்டுச் சொட்டாக விழுந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் தடுப்புப் பலகை அதிர்ந்தது.

சாயங்காலம் துணி மடிக்கும்போது சின்னவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "ஐஸ் எப்படி ஜன்னலுக்குப் போச்சுன்னு நான் யாரையும் கேக்கலக்கா. அது இல்லாததாலதான் பாடம் நல்லா நடந்துச்சு. நீங்களும் நாளைக்கு ஐஸ் இல்லாமலே ஆரம்பிங்க."

திட்டியிருந்தாலாவது தேவலை. பெரியவள் மடித்த சட்டையின் காலரை நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "வெந்நீர் எவ்வளவு ஊத்தணும்?" என்று கேட்டாள்.

மறுநாள் ஏ பிரிவிலும் மழை பெய்தது. எல்லோரும் கைதட்டி முடித்ததும் முன்வரிசைப் பெண் எழுந்தாள். "மிஸ், பி செக்ஷன்ல இதவிடப் பெரிய துளியா விழுந்துச்சாம்."

பெரியவள் அவளை உட்காரச் சொன்னாள். ஜாடியைக் காலிசெய்து, நன்றாகக் கொதித்த தண்ணீராகப் பார்த்து வாங்கிவர ஆளனுப்பினாள்.