படிக்காமல் அனுப்ப மாட்டோம்

அதிகாலை ஐந்தரைக்குள் அவளுடைய விரல்கள் மரத்துப்போயிருந்தன. அலுவலகத்தில் பக்கத்து மேசையில் கணவன், பல்கூட துலக்காமல், கண் எரிய எரிய நிரலின் பழைய வடிவத்தை மறுபடி ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் நிரல் எழுதுபவன், அவள் சோதிப்பவள்.

ஆம்புலன்ஸ்களை அனுப்பும் மென்பொருள் அது. ஒரே பெயரில் இரண்டு தெருக்கள் இருந்தால் பகுதி எண்ணையும் பார்க்க வேண்டும். நேற்று அவன் மாற்றி எழுதியதில் அதைப் பார்க்கும் ஒரு வரி விடுபட்டது. இரவு ஒரு வண்டி வேறு தெருவுக்குப் போய்த் திரும்பியது. இருபத்தைந்து நிமிடத் தாமதம். நோயாளி தீவிர சிகிச்சையில் கிடந்தார்.

முன்பெல்லாம் ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் படித்து ஒப்புக்கொண்டால்தான் வெளியே போகும். மூன்று மாதத்துக்கு முன் முதலாளி ஒரு கருவி வாங்கினார். நிரல் ஓடினால் திரையில் பச்சை. பச்சை வந்தால் அனுப்பு. “ஒரு வேலைய ரெண்டு பேர் பாக்க, நான் என்ன கல்யாண வீடா நடத்துறேன்?” என்றார். வேண்டாமென்று வாதாடிய அவளுக்கு முட்டுக்கட்டை என்று பெயரும் வைத்தார்.

ஒன்பது மணிக்கு முதலாளி விபத்து அறிக்கையோடு வந்து நின்றார்.

“இதுல ஒரு பேர் வேணும். அந்த வரிய விட்டது யாருன்னு கருவியே காட்டுது. உன் வீட்டுக்காரர். நீ கையெழுத்துப் போட்டா உன் வேலையாவது மிஞ்சும்.”

கணவன் குனிந்து முணுமுணுத்தான்: “போட்டுடும்மா. பாப்பா இருக்கா. ஒருத்தராவது உள்ள இருக்கணும்.”

“சும்மா இருங்க. குழம்புல உப்பு சரியான்னுகூட என்னைக் கேட்டுட்டுத்தான் இறக்குவீங்க. இங்க உங்களத் தனியா விட்டுட்டாங்க.”

முதலாளியிடம் திரும்பினாள்.

“தப்பு அவர் எழுதினதுதான் சார். படிக்க வேண்டியவ நான். படிக்க வேணாம்னு அந்த விதிய நிறுத்தினது யாருன்னும் கருவி தேதியோட காட்டுது.”

“மிரட்டுறியா?”

“இல்ல சார். எனக்குத்தான் பயம். நாளைக்கு இன்னொரு வீட்டுல வண்டிக்காகக் காத்துக்கிட்டு நிப்பாங்களேன்னு.”

“பன்னெண்டு மணிக்கு அடுத்த நிரல் வெளியீடு. அதுக்குள்ள கையெழுத்து. இல்ல, ரெண்டு பேரும் கிளம்புங்க.” கண்ணாடி அறைக்குள் போனார்.

அறையில் அவர்களோடு இன்னும் ஏழு பேர். அவளால் யாருடைய முகத்தையும் பார்க்க முடியவில்லை. அவரவர்க்கும் வீடு இருக்கிறது, பயம் இருக்கிறது.

தரையில் நாற்காலி உராயும் சத்தம். வரைபடப் பிரிவுப் பெண் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவளருகே போட்டாள்.

“நகருங்க அக்கா. இன்னைக்குப் போற வெளியீடு நான் எழுதினது. நீங்க படிக்காம நான் அனுப்பல.”

“உன் வேலையும் போயிடும்டி.”

“தெரியும். படிங்க அக்கா.”

பின்வரிசையில் இன்னொரு நாற்காலி நகர்ந்தது. பிறகு இன்னொன்று. திரைக்கு இருவராக உட்கார்ந்தார்கள். அறிக்கையில் பெயர் எழுத வேண்டிய இடத்தில், ‘மூன்று மாதமாக இங்கே யாரையும் படிக்க விடவில்லை’ என்று எழுதி ஒன்பது பேரும் கையெழுத்திட்டார்கள். அவளுடைய கணவன் கடைசியாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டே போட்டான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. “பச்சை வந்தாச்சே. ஏன் இன்னும் அனுப்பல?”

“படிச்சிட்டிருக்கோம் சார்,” என்றாள் வரைபடப் பெண்.

அவர் கைபேசியை எடுத்து யாரையோ அழைத்தார். யாரை என்று தெரியவில்லை. அவள் திரையில் முதல் வரிக்கு விரல் வைத்து உரக்க வாசிக்கத் தொடங்கினாள். அடுத்த வரியை வரைபடப் பெண்ணும் சேர்ந்து வாசித்தாள்.