கோட்டைக்கு வந்த வகுப்பு

கரண்டியைக் கலவைச் சட்டியிலேயே போட்டுவிட்டு ஓஸ்மோ என்னிடம் ஓடி வந்தான். சுண்ணாம்புக் கலவையைப் பாதியில் விடுகிற ஆளில்லை அவன். கையில் போன், முகத்தில் ரத்தமே இல்லை.

"ரைமோ அண்ணே, ஹென்னா பேசினா. வென்லாவோட கிளாஸ் இங்க வருதாம்."

"இங்கன்னா?"

"இந்தத் தீவுக்குத்தாண்ணே! மிருகக்காட்சித் தீவுக்குப் போறதா இருந்துச்சாம். டீச்சர் காலைல மாத்திட்டாங்களாம். படகு ஏறியாச்சு."

வென்லா அவன் மகள், ஹென்னா அவளைப் பெற்றவள். அப்பா நார்வேயில் எண்ணெய்க் கப்பலில் வேலை பார்க்கிறார் என்று நம்பிக்கொண்டிருக்கிற பிள்ளை வென்லா. ஞாயிறு மாலைகளில் இவன் பாறைமேல் உட்கார்ந்து அவளிடம் பேசுவான். கடற்காகங்கள் பின்னால் கத்தும். அவளும் அதைக் கேட்டு, "கப்பல்ல மழையா அப்பா?" என்பாள். இவன் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் குப்புறப் படுத்துவிடுவான். போதை மாத்திரை விற்று மாட்டியவன். ஆகஸ்டில் விடுதலை. அன்றைக்கு நார்வேயிலிருந்து திரும்பியவனாக வாசலில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவனுடைய ஆசை.

எங்கள் சிறைக்கு மதிலும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கோட்டைச் சுவரைச் செப்பனிடுவது எங்கள் வேலை. மஞ்சள் அங்கியைப் பார்த்து நகராட்சி ஆட்கள் என்று நினைத்துக்கொண்டு, சுற்றுலா வந்தவர்கள் எங்களிடமே கழிப்பறைக்கு வழி கேட்பார்கள். கால் மணி நேரப் படகுப் பயணத்தில் ஹெல்சிங்கி சந்தைத் துறை வந்துவிடும். அனுமதியில்லாமல் ஏறினால் மறுபடியும் பூட்டிய சிறை, கூடவே ஆகஸ்டும் போச்சு.

"ஹென்னா என்ன சொல்றா?"

"வென்லா கண்ணுல பட்டே, அதோட சரி, ஜென்மத்துக்கும் பிள்ளைய காட்ட மாட்டேங்கிறா. அவளைக் குத்தம் சொல்ல முடியாதுண்ணே. பொய்ய ஆரம்பிச்சது நான்தானே."

மேஸ்திரி வூக்கோ நல்ல பெண். விஷயத்தைச் சொன்னதும், "தலைவலின்னு சொல்லிட்டு ரூமுக்குப் போ, நான் பார்த்துக்கறேன்" என்றாள். ஆனால் எங்கள் குடியிருப்புக்குப் போகிற பாதைதான் படகுத்துறையிலிருந்து வருகிற பாதையும். இவன் நாலடி வைப்பதற்குள் வளைவில் சத்தம் கேட்டது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கைகோத்து வந்துகொண்டிருந்தார்கள்.

ஓடியிருக்க வேண்டாம். முதுகைத் திருப்பிச் சுவரைப் பூசிக்கொண்டு நின்றிருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்? பாழாய்ப்போனவன், நின்று பார்த்தான். நீலத் தொப்பி, முன்பல் விழுந்த வாய், பக்கத்துப் பிள்ளையிடம் ஓயாத பேச்சு. "வளந்துட்டாளேண்ணே" என்றான். அந்தக் குரலை நான் கேட்டிருக்கவே கூடாது. அடுத்த நொடி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பக்கத்தில் கோட்டைச் சுவரில் திறந்திருந்த சுரங்கப் பொந்துக்குள் பாய்ந்தான்.

உள்ளே போய், ஈரச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. அட முட்டாள்களா! ஹெல்சிங்கிப் பிள்ளை எதுவாவது பீரங்கி பார்க்கவா கோட்டைக்கு வருகிறது? டார்ச் எடுத்துக்கொண்டு சுரங்கத்தில் கத்தத்தானே வருகிறது! நானும் அந்த வயதில் இதே சுரங்கத்தில் தொண்டை கிழியக் கத்தியவன்தான். ஓஸ்மோவும் கத்தியிருப்பான்.

"மறுபக்கம் போயிடலாம்டா" என்று கிசுகிசுத்தேன்.

"நாமதானேண்ணே அங்க பலகை அடிச்சோம்."

ஆமாம், போன வாரம்தான், கல் பெயர்ந்து விழுகிறது என்று. அதற்குள் வாசலில் கூச்சல் கிளம்பிவிட்டது. பேய், பேய் என்று ஒருத்தன் ஊளையிட்டான். வெளிச்சங்கள் கூரையில் தாறுமாறாக ஓடின. ஓஸ்மோ என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "கடவுளே, அவ மட்டும் வேணாம், அவ மட்டும் வேணாம்" என்று முனகிக்கொண்டே இருந்தான். சர்ச் பக்கமே போகாதவன்.

ஒரு வெளிச்சம் மட்டும் மற்றவற்றை விட்டுப் பிரிந்து நாங்கள் நின்ற வளைவுக்குள் திரும்பியது. முதலில் பூட்ஸில் விழுந்தது. பிறகு மஞ்சள் அங்கியின் பட்டையில் பட்டுப் பளீரென்று அடித்தது. அவன் தலையைத் தூக்கிவிட்டான். தூக்காமல் இருக்க அவனால் முடியவில்லை. வெளிச்சம் அவன் முகத்தில் ஏறி அங்கேயே நின்றது. அதற்குப் பின்னால் நீலத் தொப்பி தெரிந்தது.

ஓஸ்மோ கலவை அப்பிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"வென்லா! அங்க என்ன இருக்கு?" என்று தூரத்திலிருந்து ஒரு பிள்ளை கேட்டது.

அவள் கையிலிருந்த வெளிச்சம் ஆடியது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "வெறும் சுவருதான். நீங்க போங்க, நான் வர்றேன்."

டார்ச்சை அணைத்துவிட்டாள். கூச்சலும் காலடிகளும் வாசல் பக்கமாகப் போய்த் தேய்ந்தன. அவளுடைய காலடி போகவில்லை. அந்தக் கும்மிருட்டில் ஓஸ்மோ மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். ஓர் எட்டு தூரத்தில், அடக்கத் தெரியாத ஒரு சின்ன மூச்சு, மூக்குறிஞ்சலோடு கேட்டுக்கொண்டிருந்தது.